பெட்டி சொன்ன கதை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தேன். அக்கா மகன் பைக்கில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இதைப் பாருங்களேன்.”

ஒரு பையன். பேச்சைக் கேட்டால் பேராவூரணிப் பக்கம் என்று தோன்றியது. பின்னால் புர்ஜ் கலிஃபா மின்னுகிறது. கையில் ஏதோ கலர் ஜூஸ். ஊரில் தன்னை உதவாக்கரை என்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சிரிப்பு. முப்பது விநாடிதான், வீடியோ முடிந்தது.

“நானும் போகலாம்னு இருக்கேன் மாமா. ஏஜென்ட்டுகிட்டப் பேசிட்டேன். நீங்க ஒம்பது வருசம் இருந்துட்டு வந்தவங்க. சொல்லுங்க, வெளிநாடு எப்புடி இருக்கும்?”

வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

“நல்லா இருக்கும்டா.”

அவ்வளவுதான். அவனும் திருப்தியாகப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒன்பது வருஷத்தை ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டோமே, அதுவும் பாதிப் பொய்யான வாக்கியத்தில் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பாட்டுக்குப் போன ஊர்

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பழைய படங்கள்தான் ஓடும். நாங்கள் வெளிநாட்டைப் பார்த்தது அந்த மணல் தரையில் உட்கார்ந்துதான். 1969இல் வந்த ‘சிவந்த மண்’ணுக்காக ஸ்ரீதர் ஐரோப்பா வரைக்கும் போய்வந்திருக்கிறார். 1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிப’னில் எம்.ஜி.ஆர். ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பான் என்று சுற்றுவார். ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியைக்கூட அதில் பார்க்கலாம். 1979இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காகப் பாலசந்தர் கமலையும் ரஜினியையும் ஜெயப்பிரதாவையும் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனார்.

இந்தப் படங்களில் யாரும் துணி துவைத்ததில்லை. பர்மிட் முடியப்போகிறதே என்று யாரும் காலண்டரைப் பார்த்ததில்லை. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தரை டிக்கெட் காசுக்கு ஜப்பானைக் காட்டினார்கள், அதற்கு மேல் என்ன கேட்க முடியும்? அந்தப் படங்களில் வெளிநாடு என்பது பாட்டுக்குப் போகிற ஊர். பாட்டு முடிந்தால் திரும்பிவிடலாம்.

சிக்கல், வெளிநாடு கதைக்குள் வந்தபிறகு தொடங்கியது. கதைக்குள் வந்தது, ஆனால் நடுவில் ஓர் ஓட்டையோடு வந்தது. கவனித்திருக்கிறீர்களா? விமான நிலையத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். விமானம் ஏறும். ‘சில ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வரும். விமானம் இறங்கும். அம்மாவுக்குக் காதோரம் கொஞ்சம் நரை, மகனுக்குக் கூலிங்கிளாஸ். ‘சிவாஜி’ (2007) படத்து ரஜினி, கதை தொடங்கும்போதே அமெரிக்காவில் சம்பாதித்து முடித்துத் திரும்பிவிட்டவர். அந்தச் சம்பாத்தியம் நடந்த வருஷங்களை நாம் பார்ப்பதே இல்லை. இன்னொரு பக்கம் ‘அமெரிக்க மாப்பிள்ளை’ என்று ஒரு பாத்திரம் உண்டு. கோட் போட்டிருப்பார், நல்லவர், கடைசி ரீலில் கதாநாயகியை விட்டுக்கொடுத்துவிட்டுப் புன்னகையோடு விமானம் ஏறுவார். ஏறி எங்கே போனார், அந்தப் பனியில் தனியாக என்ன சமைத்துச் சாப்பிட்டார் என்று எந்த இயக்குநரும் கேட்டதில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. 2000இல் வந்த சேரனின் ‘வெற்றிக் கொடி கட்டு’ அதில் முக்கியமானது. துபாய் வேலை என்று ஏஜென்ட்டிடம் பணம் கட்டி ஏமாந்த இரண்டு பேரின் கதை அது. தேசிய விருதுகூட வாங்கிய படம். ஆனால் மக்களுக்கு ஞாபகம் இருப்பது என்னவோ வடிவேலுதான். துபாயிலிருந்து வந்தவனாக ஊருக்குள் அலட்டிக்கொள்கிற அவரைப் பார்த்திபன் மடக்கி மடக்கிக் கேட்க, துபாய் விலாசம் ஒன்றை அவிழ்த்துவிடுவாரே, அந்தக் காட்சி. லீவில் வந்த எவனையும் எங்கள் ஊர் டீக்கடையில் அந்த விலாசத்தைக் கேட்காமல் விட்டதில்லை. நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் காட்சியில் வடிவேலு செய்வதைத்தான் நாங்கள் எல்லோரும் செய்தோம். என்ன, எங்களிடம் விலாசம் உண்மையானது. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அவர் கதைதான்.

31 மாதப் பாட்டு

‘சூரியவம்ச’த்தில் ஒரே பாட்டுக்குள் பஸ் முதலாளி ஆகிவிடுவார் சரத்குமார். நானும் அப்படி ஒரு பாட்டுக்குத்தான் 2008 பிப்ரவரியில் திருச்சியில் விமானம் ஏறினேன். என் பாட்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கோடு சொல்கிறேன்.

சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போக முதலில் ‘ஸ்கில் அடிக்க’ வேண்டும். அதாவது, கம்பி கட்டுவது, பலகை அடிப்பது என்று ஏதாவது ஒரு வேலையில் பயிற்சி எடுத்து, அந்த நாட்டுக்காரர்கள் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். பயிற்சி மையம், ஏஜென்ட், டிக்கெட் எல்லாம் சேர்ந்து எனக்கு 2,75,000 ரூபாய் ஆனது. இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அப்படியென்றால் முதல் மாத வட்டி மட்டும் 5,500 ரூபாய்.

சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. அங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். மாதம் 26 நாள், தினமும் நாலு மணி நேரம் ஓ.டி. மழை வராமல் இருந்தால் 800 வெள்ளியைத் தொடலாம். சாப்பாட்டுக் கேட்டரிங்குக்கு 110. போன் கார்டு, சோப்பு, டீ, ஞாயிற்றுக்கிழமைச் செலவு என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சியது 550. அன்றைய மதிப்பில் சுமார் 16,000 ரூபாய். அதில் வீட்டுச் செலவுக்கு 4,000 எடுத்துக்கொண்டு மீதி 12,000 கடன்காரருக்கு.

இந்தக் கணக்கைப் போட்டால் கடன் தீர 31 மாதம் ஆகும். எனக்குக் கிடைத்த பர்மிட் 24 மாதம்.

இதை நான் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கவில்லை. யாருமே போட்டுப் பார்ப்பதில்லை. டோமிட்டரியில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, போன் கார்டின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு அறையில் எட்டு இரண்டடுக்குக் கட்டில், பதினாறு பேர். அன்றைக்குத்தான் புரிந்தது: பர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால், இரண்டு வருஷம் சிங்கப்பூரில் உழைத்துவிட்டுக் கடனோடு ஊர் திரும்புவேன். இடையில் 2009இல் உலகமே மந்தத்தில் கிடக்க, ஓ.டி. சில மாதம் நின்றுபோனது வேறு கதை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகவே விடியற்காலை வந்துவிடும். இருட்டில் வாங்கி, லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து, சைட்டுக்குப் போய் எங்காவது நிழலில் தொங்கவிடுவோம். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் குழம்பு புளித்திருக்கும். சைட்டில் நாலு மொழியில் போர்டு இருக்கும். ‘அபாயம்’ என்று நம் தமிழிலேயே எழுதியிருப்பார்கள். தமிழ் அந்த நாட்டின் ஆட்சி மொழிகளில் ஒன்று என்று எங்கள் சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மன்னார்குடிக்காரர், புளித்த குழம்பைக் காட்டி, “அந்தப் போர்டைக் கொண்டாந்து இதுமேல மாட்டுங்கய்யா” என்பார்.

அந்தப் பதினாறு பேர் அறை எப்படிப்பட்டது என்பதை உலகம் 2020இல்தான் பார்த்தது. அப்போது நான் ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் பழைய கூட்டாளிகள் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் அடைந்துகிடந்து வீடியோ காலில் பேசினார்கள். டோமிட்டரிகளில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேரை கொரோனா தொட்டிருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசே கணக்குச் சொன்னது. பதினாறு பேர் ஒரே அறையில் மூச்சுவிட்டால் வேறென்ன ஆகும்?

சினிமாவில் அப்பாவோ பாட்டியோ இறந்துபோனால் மகன் நேராக விமானத்திலிருந்து பந்தலுக்கே வந்துவிடுவான். 2009இல் என் அப்பாயி இறந்தபோது எனக்குத் தகவல் வந்தது இரவு பதினொன்றரைக்கு. டிக்கெட் காசும் இல்லை, லீவு கேட்கிற தைரியமும் இல்லை. மறுநாள் மதியம் தம்பி போனைப் பந்தலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். கார்டில் காசு தீருகிறவரை தப்புச் சத்தத்தைக் கேட்டேன். பிறகு கான்கிரீட் போடப் போனேன். கான்கிரீட் லாரி வந்துவிட்டால் யாருக்காகவும் நிற்காது, இறுகிவிடும்.

ஏசிச் சத்தம்

என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது சினிமா என்று சொன்னால் அது சினிமாவுக்கு ரொம்பப் பெரிய மரியாதை. என்னை அனுப்பியது என் அப்பா கொண்டுவந்த பெட்டி.

அப்பா 1984இல் சவூதி போனார். எனக்கு அப்போது ஒரு வயது. எனக்கு அப்பா என்பவர் நினைவில் முதலில் ஒரு குரல்தான். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டுக் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்போம். ‘நான் இங்கே சுகமாக இருக்கிறேன்’ என்றுதான் ஆரம்பிப்பார். அவர் பேச்சுக்குப் பின்னால் டுப் டுப் டுப் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மா ஒருமுறை கடிதத்தில் கேட்டிருக்கிறார். அடுத்த கேசட்டில் பதில் வந்தது: அது ஏசிச் சத்தம், இங்கே எல்லா ரூமிலும் ஏசி உண்டு.

அந்த ஏசிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பிறகு அவர் லீவில் வந்தார். பெட்டியைத் திறந்தபோது எழுந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. பவுடர், சென்ட், நிடோ பால் பவுடர், டேங் பொடி, கைலிகள், கோடாலித் தைலம், அப்புறம் எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆளுக்கொரு சோப்பு, ஆளுக்கொரு தைலம். அன்றைக்கு முடிவு செய்தேன், பெரியவனானதும் நானும் போக வேண்டும்.

2024இல் ‘ஆடுஜீவிதம்’ படத்தை வீட்டில் டி.வி.யில் போட்டேன். பென்யாமின் 2008இல் எழுதிய மலையாள நாவலை பிளெஸ்ஸி படமாக எடுத்திருந்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவன் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடிமையாகச் சிக்கிக்கொள்ளும் கதை. மலையாளிகளுக்கு வளைகுடா சமையலறை வரைக்கும் வந்துவிட்ட விஷயம். அதனால் அவர்கள் இதையெல்லாம் எழுதுகிறார்கள், எடுக்கிறார்கள். நாம் அந்த அளவுக்கு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா பாதிப் படம் பார்த்தார். எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். பின்னாலேயே போய், “என்னப்பா, பிடிக்கலையா?” என்றேன்.

“அவனுக்குப் பேசுறதுக்கு ஆடாச்சும் இருந்துச்சுடா” என்றார்.

நாற்பது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் சொன்னார். டிரைவர் விசா என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். போய் இறங்கியதும் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, அவரை மஸ்ராவில், அதாவது ஊருக்கு வெளியே பாலைவனத்தில் இருந்த தோட்டத்தில், தண்ணீர் மோட்டாருக்குக் காவல் வைத்துவிட்டார். பதினாலு மாதம். பத்து நாளுக்கு ஒருமுறை குப்பூஸ் மாவும் வெங்காயமும் கொண்டுவருகிற வண்டிக்காரன்தான் அவர் பார்த்த மனிதன். பாஸ்போர்ட் கஃபீலிடம். அவர் கையெழுத்துப் போடாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. வேறு வேலைக்கும் மாற முடியாது. அந்தக் கஃபாலா முறையை இன்று வளைகுடா நாடுகள் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. முதலாளி சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று கத்தார் 2020இல் சட்டத்தைத் திருத்தியது. சவூதி 2021இல் சில நிபந்தனைகளோடு கதவைத் திறந்தது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களும் மஸ்ராவில் இருப்பவர்களும் சவூதியின் அந்தத் திருத்தத்துக்குள் வரவில்லை. அப்பா இன்றைக்குப் போயிருந்தாலும் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

“அப்ப அந்த ஏசிச் சத்தம்?” என்று கேட்டேன்.

“ஏசியாவது ஒண்ணாவது. டீசல் மோட்டாரு.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. பெரிய பொய்யை சினிமா சொல்லவில்லை. அதை அப்பாவின் கேசட் சொன்னது, அந்தப் பெட்டி சொன்னது. ஊருக்கு வருகிற முப்பது நாளில் வாடகைக் காரில் சுற்றிக்கொண்டு, கல்யாணங்களுக்கு மொய் தாராளமாக வைத்துவிட்டு, திரும்பிப் போக மறுபடி கடன் வாங்குகிறோமே, அதைவிட நல்ல விளம்பரப் படத்தை எந்த இயக்குநரும் எடுத்ததில்லை. 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம். அதிகம் பேர் இருந்தது சிங்கப்பூரில். ஒவ்வொருவரும் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தால் எத்தனை பெட்டி, எத்தனை கதை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கோட் போட்டவர்களின் வரிசை

இதெல்லாம் கூலி வேலைக்குப் போனவர்கள் கதை, படித்தவர்கள் பாடு வேறு என்று சிலர் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் சித்தி மகன் டெக்சாஸில் இருக்கிறான். எச்-1பி விசா. பெரிய வீடு, இரண்டு கார், பின்னால் புல்வெளி. நம் சினிமாவின் அசல் அமெரிக்க மாப்பிள்ளை.

“எல்லாம் இருக்குண்ணே. நாளைக்கு வேலை போச்சுன்னா அறுபது நாள்தான். அதுக்குள்ள வேற கம்பெனி புடிக்கலைன்னா வீட்டையும் காரையும் வித்துட்டுக் கெளம்பணும்” என்றான் ஒருநாள்.

கிரீன் கார்டு வாங்கிவிடலாமே என்று அப்பாவியாகக் கேட்டேன். சிரித்தான். வேலை வழியாக அமெரிக்கா ஒரு வருஷத்துக்குக் கொடுக்கும் கிரீன் கார்டு சுமார் 1,40,000. எந்த நாட்டுக்காரருக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. பத்து லட்சம் பேர் வாழும் நாடானாலும் நூறு கோடிப் பேர் வாழும் நாடானாலும் ஒரே அளவு. அதனால் இந்தியர்களின் வரிசை பத்து வருஷத்தையும் தாண்டி நீள்கிறது. இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாக அங்கே போன பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், அது பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிடும். தனக்கென்று வேறு விசா தேட வேண்டும். அவன் மூத்த மகள் அந்தக் கணக்கில்தான் இருக்கிறாள்.

2020இல் சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் வரவில்லை. ஊரில் எல்லோரும் பேசினார்கள், அமெரிக்கா போனதும் அம்மாவே மறந்துவிட்டது பார் என்று. அவன் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி ஆகியிருந்தது. வந்தால் இங்கே தூதரகத்தில் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். கொரோனாவில் தூதரகமே மூடிக்கிடந்தது. இதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்? பெரிய வீட்டுக்காரன் வரிசையில் நிற்கிறான் என்பதை யார் நம்புவார்கள்? மேல் கட்டிலில் போன் கார்டின் பின்னால் கணக்குப் போட்ட எனக்கு மட்டும் அவன் குரல் பழகிய குரலாக இருந்தது.

கதைகள் விட்டுவிட்ட நல்லது

இவ்வளவும் சொன்னதால் ‘அப்போ போகாதே என்கிறாயா’ என்று கேட்காதீர்கள். துன்பத்தை மட்டும் சொன்னாலும் அது இன்னொரு சினிமாதான். இப்போது அந்த வகையும் வர ஆரம்பித்துவிட்டது. வெளிநாடு போனவன் பாவம், அனாதை, ஏமாளி என்று.

நான் போனதால் தங்கை கல்யாணம் நடந்தது. கூரை வீடு ஓட்டு வீடாகி, மெத்தை வீடானது. பலகை அடிக்கப் போனவன் பாதுகாப்பு மேற்பார்வை வரை படித்துவிட்டு வந்தேன். வங்காளதேசத்துக் கூட்டாளி ஒருவர் எனக்கு வங்காளமும், நான் அவருக்குத் தமிழும் கற்றுக்கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடும் தேக்கா புல்வெளியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவோமே, அந்தச் சுகத்தை நான் இங்கே திரும்பி வந்து அனுபவித்ததே இல்லை.

இன்னொன்று. சினிமாவில் வெளிநாட்டுக்குப் போக இரண்டே காரணம்தான், பணம் அல்லது காதல். என் அறையில் இருந்த ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், காலனியைச் சேர்ந்தவர். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி டம்ளர் இருந்த காலத்தை இருவருமே பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். “காசுக்காக மட்டும் வந்தேன்னு நினைச்சீங்களா? அந்தத் தெருவுல எவன் முன்னாடியும் துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு வந்தேன்” என்றார். இன்று அவர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் தெரிகிற மாடி வீடு அவருடையது. புளித்த குழம்புக்கும் பதினாறு பேர் அறைக்கும் அவர் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அவர் கணக்கில் வரவு வேறு, செலவு வேறு. இந்தக் கதையை யாராவது படமாக எடுத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

மறுபடியும் திண்ணை

நேற்று சாயங்காலம் அக்கா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ஒரே ராத்திரியில் அவர்கள் தோப்பில் இருந்த தென்னை பாதிக்கு மேல் சாய்ந்தது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. டிப்ளமோ முடித்தவனுக்கு இங்கே கிடைக்கிற சம்பளம் பெட்ரோலுக்கும் பிரியாணிக்கும் சரியாகப் போய்விடும். அவன் போகத்தான் செய்வான். தடுக்கிற தகுதி எனக்கு இல்லை.

ஆனால் ஏஜென்ட் என்ன சொன்னான் என்று கேட்டேன். துபாய்க்கு நாளாகுமாம், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை உடனே கிடைக்குமாம். மாதம் 80,000. இன்டர்வியூ வாட்ஸ்ஆப்பில். விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாமாம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2022இல் இப்படித்தான் தாய்லாந்து வேலை என்று போன நம் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆன்லைனில் ஆட்களை ஏமாற்றுவதுதான் அங்கே வேலை; மறுத்தால் அடி. மீட்டுக் கொண்டுவர அரசாங்கம் படாதபாடு பட்டது. அதைத் தேடி எடுத்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

பிறகு அப்பாவும் நானும் கேட்காமல் விட்டதையெல்லாம் அவனுக்கு வரிசையாகச் சொன்னேன். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார். பதிவு பெற்றவர் உன்னிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடு. விசிட் விசாவில் வேலை செய்வது சட்டப்படி குற்றம், மாட்டுவது நீதான், அவன் இல்லை. தமிழ்நாடு அரசே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1978லிருந்து ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது, சென்னையில் போய் அங்கேயும் விசாரி. முக்கியமாக, போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடு. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு, விசா எத்தனை மாதம். கடன் தீரும் மாதம் விசா முடிவதற்கு முன்னால் வருகிறதா பார்.

என் 31 மாதக் கணக்கை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாயி இறந்த ராத்திரியைச் சொன்னேன். தேக்கா புல்வெளியைச் சொன்னேன். ஏசிச் சத்தத்தைச் சொன்னேன். உள்ளே படுத்திருந்த அப்பா இருமினார். பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

“ஏன் மாமா, இதையெல்லாம் ஒருநாளும் சொன்னதே இல்ல? நீங்க வந்தப்பல்லாம் வீடே திருவிழா மாதிரி இருக்கும். எனக்கு அந்த ரிமோட் கார் வாங்கிட்டு வந்தீங்களே, மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப. செவப்புக் கலரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், பெருசானா மாமா மாதிரி வெளிநாடு போகணும்னு.”

எனக்குத் தொண்டை அடைத்தது. 2011 பொங்கலுக்கு, கடனெல்லாம் தீர்ந்து முதல்முறை லீவில் வந்தபோது வாங்கி வந்த கார் அது. தேக்காவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன்.

“அதோட விலை தெரியுமாடா? 24 வெள்ளி 90 காசு. அப்ப எனக்கு அடிப்படைச் சம்பளம், எட்டு மணி நேரத்துக்கு 20 வெள்ளி.”

அவன் போனை எடுத்துக் கணக்குப் போட்டான்.

“ஒரு நாளும் ரெண்டு மணி நேரமும் மாமா” என்றான்.

“ஆமாடா” என்றேன்.